நீலத்துணி கட்டிய குடம்

வரிசையில் முதலாவதாக இருந்த குடத்துக்கு ஆளே வரவில்லை. தண்ணீர் லாரிக்காரர் குழாயைப் பிடித்தபடி, "யாருதுமா இது, வந்து புடி" என்று கத்திப் பார்த்தார். ஒவ்வொருவராக அந்தக் குடத்தைச் சுற்றிக்கொண்டு போய்த் தங்கள் குடத்தையும் கேனையும் நிரப்பிக்கொண்டார்கள். முதல் மாடியில் கும்பலாகத் தங்கியிருக்கும் ஒடிசாக்காரர்கள், பேங்கில் வேலை பார்க்கும் கண்ணாடிக்காரர், நெல்லூரிலிருந்து வந்த புது ஜோடி, எல்லோரும்தான். தெருவில் கிடக்கும் கல்லைத் தாண்டுகிற மாதிரிப் போனார்கள். கடைசியில் அந்தக் குடமும், அப்போதுதான் ரயிலிலிருந்து இறங்கி ஓடிவந்து வாலில் தன் குடத்தை வைத்த மலர்க்கொடியும்தான் மிச்சம்.

அவள் மனசுக்கு அது ஒப்பவில்லை. புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே பிள்ளையும் பெற்றவள் அவள். அங்கே வரிசையில் குடம் இருந்தால் ஆள் இருப்பதாகத்தான் அர்த்தம். குடத்தை வைத்துவிட்டு நீ சோறாக்கலாம், குளிக்கலாம், யாரோடாவது சண்டை போடலாம், ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய் வரலாம். உன் இடம் போகாது. உன் முறை வரும்போது நீ இல்லையென்றால் அடுத்தவள் உன் குடத்தை நிரப்பிவிட்டுத்தான் தன் குடத்தை வைப்பாள். உன் வீடு தெரிந்தால் வாசலில் கொண்டுவந்து வைப்பாள். தெரியாவிட்டால் தன் வீட்டுக்குள் வைத்திருப்பாள், நீயாக வந்து கேட்கிறவரை. எத்தனையோ விஷயத்தில் கலீஜான இடம்தான் அது. ஆனாலும் இந்த ஒன்றில் யாரும் தப்பியதில்லை.

மலர்க்கொடி அந்தக் குடத்தைத்தான் முதலில் நிரப்பினாள்.

பிளாஸ்டிக் குடம். ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கலாம். வெயிலிலோ மண்ணிலோ கிடந்து நிறம் செத்துப்போயிருந்தது. அடியில் விழுந்த ஓட்டையைச் சூடான கத்தியால் உருக்கி அடைத்திருந்தார்கள். கழுத்தில் அடையாளத்துக்கு ஒரு நீலத்துணி, பழைய சேலைக் கரையைக் கிழித்தது, இரண்டு முடிச்சு. அந்த முடிச்சைப் பார்த்ததும் இவளுக்கு மனசு இளகிவிட்டது. இவளும் தன் ஆரஞ்சுக் குடத்தின் கழுத்தில் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளிகள் வைத்திருக்கிறாள். யாரோ நம்ம ஆள் ஒருத்தி இங்கே வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அத்திப்பட்டுப் பக்கம் இந்தப் புதுக் கட்டடத்துக்குக் குடிவந்த பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்த சில சாயங்காலங்களில் அதுவும் ஒன்று.

"அண்ணே, இது எந்த வூட்டுக் கொடம்?" என்று வாட்ச்மேன் ராமசுப்புவிடம் கேட்டாள்.

ராமசுப்பு தென்காசிப் பக்கத்துக்காரர். கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து இங்கேயே இருப்பவர். அவர் அவளைப் பார்க்காமல் குடத்தையே பார்த்தார்.

"எந்த வீட்டுதும் இல்லம்மா. நானும் தூக்கித் தூக்கிப் பின்பக்கம் போட்டுட்டுதான் இருக்கேன். மறுநாள் முன்னால வந்து நிக்கும். இதுவரைக்கும் யாரும் நிரப்புனதில்ல. நீங்க ஏம்மா நிரப்புனீங்க?"

"நல்லா கேட்ட போ. யார்னா வந்து கேட்டா மூணாவது மாடி, மலர்க்கொடி வூட்ல கீதுன்னு சொல்லு. வந்து வாங்கிக்கச் சொல்லு."

லிஃப்ட் வேலை செய்யவில்லை. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். அந்தக் குடத்திலிருந்து உப்பளச் சேற்று வாடை வந்தது. லாரித் தண்ணீருக்கு அப்படி வாடை கிடையாது. ஆனால் அவள் அப்போது அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. கால் இரண்டும் இரும்பாகக் கனத்தன.

அவள் நின்றே பிழைப்பவள். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை நிற்க வேண்டும். வேலையாட்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்ததும் கடையில் ஸ்டூலும் வந்தது. முதலாளி மகன் அதன்மேல் சாமி படம் வைத்துவிட்டான். வண்ணாரப்பேட்டையில் ரயில் ஏறினால் திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் தாண்டி அத்திப்பட்டுவரை நின்றுகொண்டே வர வேண்டும். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வந்ததும் தண்ணீர் வரிசை. கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடந்தது. அவளும் அவள் புருஷன் தீனாவும் இந்த வீட்டை வாங்கியதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். அவளுக்கு ஒரே காரணம்தான். சொந்தமாக நாலு சுவர், நடுவில் ஒரு நாற்காலி, அதில் காலை நீட்டி அவள் உட்கார வேண்டும். யாரும் எழுந்திரு என்று சொல்லக் கூடாது.

அந்தப் பக்கமெல்லாம் முன்னால் உப்பளமும் சேறுமாக இருந்ததாம். மண்ணைக் கொட்டி மேடாக்கி, வரிசையாகக் கட்டடங்கள் எழுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யாராவது ஒருவர் பீரோவும் கட்டிலும் ஏற்றிய வண்டியோடு வந்து இறங்குவார்கள். ராயபுரத்திலிருந்து, காலடிப்பேட்டையிலிருந்து, ஆந்திராவிலிருந்து, இன்னும் வடக்கேயிருந்து. எதிர்வீட்டுக்காரர் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் நேரமில்லை. விடியும் முன்பே கதவைப் பூட்டிக்கொண்டு ரயிலுக்கு ஓடுகிறவர்கள், விளக்கு வைத்த பிறகு வந்து சேருகிறவர்கள். பாதி ஜன்னல்கள் எப்போதும் இருட்டு.

அடுப்பங்கரையில் குடத்தை வைத்தபோது மகள் மகிழினி பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்றாவது படிக்கிறாள்.

"யாரு கொடம்மா இது?"

"ஒரு ஆண்ட்டியோடது. வந்து கேப்பாங்க."

"எப்ப வருவாங்க?"

"வருவாங்கடி. போய்ப் படி."

ஒருத்தரும் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் பார்த்தபோது குடத்தில் தண்ணீர் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அடைத்த ஓட்டை ஒழுகுகிறதோ என்று தடவிப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாள் பாதிதான் இருந்தது. அவளுடைய ஆரஞ்சுக் குடம் சுவரோரம் இருந்த வழக்கமான இடத்திலிருந்து தள்ளி, கதவுப் பக்கம் நகர்ந்திருந்தது. நீலத்துணிக் குடம் சுவரோரம் உட்கார்ந்திருந்தது. தீனா நகர்த்தியிருப்பான் என்று நினைத்து, இரண்டையும் பழையபடி மாற்றி வைத்தாள்.

தீனாவுக்குத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. அன்று வந்து சட்டையைக் கழற்றியவன், "சரி, அப்ப ஞாயித்துக்கெயம உங்கம்மா வூட்டுக்குப் போவல. அவ்ளோதான?" என்றான்.

"இன்னாயா சொல்ற? யார் போவலன்னது?"

"நீதான். இப்பத்தான வாசல்ல நின்னுகினு சொன்ன. இந்த வூட்ட வுட்டு இனிமே எங்கியும் வரமாட்டேன்னு."

"நான் குளிச்சிகினு இருந்தேன்."

தீனா அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "தூக்கக் கலக்கம். வுடு" என்றான். அவனும் களைத்துப் போனவன்தான். அவளுக்கும் அதை நோண்டிக் கேட்கத் தெம்பில்லை. அன்று வாசலைக் கூட்டும்போது சேற்று வாடை அடித்தது, கதவுக்கு உள்பக்கம்.

பள்ளிக்கூடம் விட்டதும் மகிழினி இரண்டாவது மாடியில் ஜஹானாரா வீட்டில்தான் இருப்பாள். தண்டையார்ப்பேட்டையிலிருந்து வந்து வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவள் ஜஹானாரா. கட்டடத்தில் மலர்க்கொடிக்கு இருந்த ஒரே துணை அவள்தான். வியாழக்கிழமை எண்ணூரில் சிக்னல் கிடைக்காமல் ரயில் நின்றுவிட்டது. கூட்டத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இருட்டிவிட்ட பிறகு வந்து சேர்ந்த மலர்க்கொடி, ஜஹானாராவின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, லேட் ஆயிடுச்சி. புள்ள தூங்கிட்டாளா?"

ஜஹானாரா வாயில் நூலோடு சிரித்தாள். "இன்னாடி, பேஜாரு பண்ற? நீதான அப்பவே வந்து கூட்டிகினு போன?"

"நானா?"

"பின்ன? கால் வலிக்குது, இன்னிக்கி சீக்கிரம் வந்துட்டேன்னியே." ஜஹானாராவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. நூலை வாயிலிருந்து எடுத்தாள். "மலரு, நீதான வந்த?"

அவள் படியேறி ஓடினாள். கால் வலி மறந்துபோயிற்று. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. இடித்தாள். மகிழினிதான் ஸ்டூல் போட்டு ஏறித் தாழைத் திறந்தாள். தலையை எண்ணெய் வைத்து இழுத்து வாரி, இரட்டைச் சடை பின்னி, ஒவ்வொரு சடையின் நுனியிலும் இரண்டு முடிச்சுப் போட்டிருந்தது.

"யாருடி வந்தது?"

"நீதாம்மா."

"நான் இப்பத்தான வரேன்?"

குழந்தை குழம்பிப்போய் அடுப்பங்கரையைத் திரும்பிப் பார்த்தது. "நீ மீன் கொழம்பு வெச்ச. எனக்கு ஊட்டுன. அப்பறம் நாற்காலில உக்காந்துகினு இருந்த. ரொம்ப நேரம் உக்காந்துகினே இருந்த."

அடுப்பங்கரையில் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. நாற்காலியின் பிளாஸ்டிக் இருக்கை ஈரம். சுவரோரம் நீலத்துணிக் குடம். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

மலர்க்கொடி விளக்கை அணைக்கவில்லை, குழந்தையைக் கையிலிருந்து இறக்கவும் இல்லை. தீனா வந்ததும் பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு, காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். காலியாக இருந்தும் அது ஒரு ஆள் கனம் கனத்தது.

"அண்ணே, இதைப் பத்தி உனக்குத் தெரிஞ்சத சொல்லு" என்றாள்.

ராமசுப்பு பீடியை எறிந்துவிட்டு அவளைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனார். மதிலோரம் டார்ச் அடித்துக் காட்டினார். குடங்கள். மண் அப்பிய, நசுங்கிய, நிறம் செத்த குடங்கள் மலைபோல் கிடந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஏதோ ஒரு அடையாளம்: சிவப்புக் கயிறு, பாசிமணி, பெயின்ட், துணி.

"அஸ்திவாரம் தோண்டுனப்ப உள்ள இருந்து வந்ததும்மா. இங்க ஒரு குப்பம் இருந்துச்சாம். இதே எடத்துல வீடு கட்டித் தர்றோம், அதுவரைக்கும் ஒதுங்கி இருங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. எடம் போயிரக் கூடாதுன்னு ஆளுக்கொரு குடத்த வரிசையா வச்சிட்டுப் போனாங்களாம். அது மேலயே மண்ணக் கொட்டிட்டாங்க."

"அவங்கள்லாம் எங்க?"

"அத யாரு கேட்டா?"

மலர்க்கொடி கையிலிருந்த குடத்தின் நீலத்துணி முடிச்சைப் பார்த்தாள். அப்படியென்றால் அது தண்ணீருக்காக வைத்த வரிசை இல்லை. வீட்டுக்காக வைத்த வரிசை. முதல் குடத்தை யாரும் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போனார்கள். அவள் ஒருத்திதான் அதன் முறையை ஒப்புக்கொண்டு, நிரப்பி, வீட்டையும் சொல்லி, உள்ளேயே கொண்டுபோய் வைத்தாள். குடத்தைக் குவியலில் வீச அவளுக்குக் கை வரவில்லை. மெதுவாகத் தரையில் வைத்தாள். "மன்னிச்சிக்கம்மா. இது எங்க வூடு. எனக்கும் வேற எடம் இல்ல" என்று சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. பயத்தில் அல்ல. அந்தப் பெண்ணை அவளுக்குப் புரிந்தது. அதுதான் காரணம்.

மறுநாள் லீவு போடலாமா என்று யோசித்தாள். போட்டால் வேலை போய்விடும். மகிழினியைப் பள்ளியிலிருந்து நேராகத் தானே அழைத்து வருவதாகத் தீனா சொன்னான், அரைநாள் பர்மிஷன் போட்டு. அந்த தைரியத்தில் போனாள்.

அன்று கடையில் யாரும் அவளைச் சேலை காட்டச் சொல்லவில்லை. சாயங்கால ரயிலில் அதிசயமாக ஒரு இடம் காலியானது. அவள் உட்காரக் குனியும்போதே ஒரு அம்மாள் அங்கே பையை வைத்தார். "நான் நிக்கிறேனே, தெரியலயா?" என்றாள். அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஷேர் ஆட்டோக்காரர் எல்லோரிடமும் காசு வாங்கினார், அவளிடம் கேட்கவில்லை. அலுப்பாக இருந்தது. கேட்காவிட்டால் போகிறது என்று இறங்கி நடந்தாள்.

வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது. குடங்களும் கேன்களும் வரிசையாக இருந்தன. வரிசையின் வாலில் ஒரு ஆரஞ்சுக் குடம். கழுத்தில் சிவப்புப் புள்ளிகள்.

காலையில் அதை அடுப்பங்கரையில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

ஜஹானாரா இரண்டு குடத்தோடு வந்தாள். "அக்கா" என்று மலர்க்கொடி கூப்பிட்டாள். ஜஹானாரா அந்த ஆரஞ்சுக் குடத்தைச் சுற்றிக்கொண்டு போய், அதற்கு முன்னால் தன் குடத்தை வைத்தாள். "அக்கா, நான்தான்!" ஜஹானாரா மூக்கைச் சுளித்தாள். ஏதோ சேற்று வாடை அடித்த மாதிரி.

மலர்க்கொடி நிமிர்ந்து மூன்றாம் மாடியைப் பார்த்தாள். விளக்கு எரிந்தது.

ஓடினாள். படிகள். இருட்டு. தன் கதவு. கிரில் சாத்தியிருந்தது, உள்கதவு திறந்திருந்தது. தட்டினாள். சத்தம் வரவில்லை. இரும்பில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். சத்தம் வரவில்லை.

உள்ளே தீனா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முகம் தெளிவாக இருந்தது, நெடுநாள் கழித்து நன்றாகத் தூங்கி எழுந்தவன் முகம். அடுப்பங்கரைச் சுவரோரம் நீலத்துணிக் குடம். நாற்காலியில், அவளுடைய பூப்போட்ட நைட்டியில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி. மடியில் மகிழினி. காலை நன்றாக நீட்டியிருந்தாள்.

"தீனா! தே, தீனா!"

தீனா குழம்பை ஊற்றிக்கொண்டான்.

நாற்காலியில் இருந்தவள்தான் எழுந்து வந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிதானமாக. கிரிலுக்கு அந்தப் பக்கமும் மலர்க்கொடியின் முகம்தான். அதே மூக்குத்தி. அதே கண்ணுக்குக் கீழ்க் கருப்பு. நைட்டி ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த முகத்தில் கோபம் இல்லை. ஹவுசிங் போர்டில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் பேசுகிற அதே இதத்தோடு சொன்னாள்.

"உன் கொடத்த கீய வெச்சிட்டு வந்தேன். எடம் போவாது. யார்னா ரொப்புவாங்க. அதுவரைக்கும் நில்லு."

உள்கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. கீழே லாரி கிளம்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் நிரப்பிக்கொண்டு போய்விட்டார்கள். ஆரஞ்சுக் குடம் காலி. ராமசுப்பு டார்ச்சோடு வந்து, அதைப் பார்த்து, தலையை அசைத்துவிட்டுத் தூக்கினார். அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை உதறித் தேய்த்துக்கொண்டார். குடத்தைப் பின்பக்கம் கொண்டுபோய் மதிலோரம் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

குவியலாகக் கிடந்த குடங்கள் இப்போது குவியலாக இல்லை. மதிலோரமாக வரிசையில் நின்றன. ஒவ்வொரு குடத்துக்குப் பின்னாலும் ஆள். பெண்கள், கிழவர்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. முழங்கால்வரை சேறு. ஒவ்வொருவரும் தலையைத் தூக்கி ஒவ்வொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாசிமணிக் குடத்துக்காரி பார்த்துக்கொண்டிருந்தது ஜஹானாராவின் ஜன்னலை.

கடைசியில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவளுடைய குடம் அங்கே நிமிர்ந்து நின்றது.

மேலே ஜன்னல் திறந்தது. மகிழினியின் குரல் கேட்டது.

"அம்மா, அங்க யாரோ நிக்கிறாங்க."

"யாரும் இல்ல கண்ணு" என்றது அவளுடைய குரல். "காலிக் கொடம்."

ஜன்னல் மூடியது. மலர்க்கொடி தன் குடத்துக்குப் பின்னால் போய் நின்றாள். கால் வலிக்கவே இல்லை.